மீட்டரக்காவும் நான்கு பழைய பேட்டரிகளும்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட்டைக் குறித்துக்கொண்டு வருவதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே ஆறு தெருக்கள். அங்கே அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே செருப்புக் குவியலுக்கு மேல் இருக்கிறது, எந்த வீட்டில் பீரோவை நகர்த்தினால்தான் கண்ணில் படும், எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமலே வந்து கவ்வும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவளுக்குக் கரண்ட் என்றால் பயம். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "நம்ம அக்கா தண்ணியைக் கண்டு நடுங்கற படகுக்காரி" என்பார் பில் போடும் கிளார்க். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மழை விட்டும் விடாத ஒரு காலையில், ஒரு வீட்டின் இரும்புக் கதவைத் திறக்கக் கை வைத்தாள். கதவு அவள் கையைப் பிடித்துக்கொண்டது. உள்ளே யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் விட்டது. அன்றிலிருந்து எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கி இறுக்கிக்கொள்ளும், புறங்கை என்றால் விலகி வந்துவிடும் என்று லைன்மேன் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவள் கணவர் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஊரில் அவருக்கும் தொழில்தான் பெயர்: பெயின்டர். முப்பது வருடம் ஒரு பட்டறையின் மூடிய கொட்டகைக்குள், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடித்தார். அடித்த பெயின்டில் பாதி கார்களில் ஒட்டியது, மீதி அவர் நெஞ்சுக்குள் போனது. ஐம்பத்தெட்டு வயதில் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டிவந்தது. கடைசியில் டாக்டர் ஒரு எந்திரத்தை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் எந்திரம். கரண்டில் ஓடுவது. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும்.

"அப்போ என் மூச்சு உங்க டிபார்ட்மென்ட் கையில" என்றார் பெயின்டர், ஆஸ்பத்திரி வாசலிலேயே.

"எங்க டிபார்ட்மென்டை நம்பி ஃபேன்கூட வாங்காதீங்க" என்றாள் அக்கா. அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள்.

கோடையில் ஒரு மத்தியானம் அவள் நான்காவது தெருவில் ஒரு வீட்டு மீட்டர் முன் நின்றுகொண்டிருந்தாள். எண்ணைப் பாதி எழுதுவதற்குள் மீட்டரின் கண்ணாடியில் இருந்த எண்கள் அணைந்தன. தெரு முழுக்க ஏதோ ஒரு சத்தம் நின்றுபோனது. அவள் வீட்டுக்கும் அதே லைன்தான். அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். வீட்டில் அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. ஆனால் அதன் முள் சிவப்புக்கு வந்து நான்கு நாளாகிவிட்டது, நிரப்பப் போக நேரமில்லை என்று தள்ளிப்போட்டவள் அவள்தான்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பத்து நிமிடம். வாசலிலேயே, கரண்ட் போனால் தனிப் பேட்டரியில் அடிக்கும் எந்திரத்தின் எச்சரிக்கை மணி நீளமாகக் கேட்டது. பெயின்டர் ஜன்னல் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு, வாயால் காற்றை அள்ளிக்கொண்டிருந்தார். உதடுகள் மை தொட்டது போல இருந்தன. அவளைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி எந்திரத்தைக் காட்டினார். அந்தச் சத்தத்தை நிறுத்து என்று கேட்கிறார் என்பது அவளுக்கு உடனே புரியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து அவரைத் தோளில் சாய்த்து வண்டியில் ஏற்றினார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கரண்ட் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம் என்றாகிவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு கடையிலும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவாள். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் மின்கம்பிகளை அண்ணாந்து பார்ப்பாள்.

மாடியில் சோலார் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள். அவள் சுற்றும் தெருக்களில் பதினோரு வீட்டில் சோலார் இருந்தது. எந்த வீட்டில் அது வேலை செய்கிறது, எந்த வீட்டில் சும்மா வெயில் காய்கிறது என்று மீட்டரைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள். இருந்தாலும் இரண்டு கடைக்காரர்களை வரவழைத்துக் கேட்டாள். ஒருவர் மாடி முழுக்கப் பேனல் போட்டு, ஏசி வரைக்கும் ஓட்டலாம் என்றார். "எங்க வீட்ல ஏசியே இல்லையேப்பா" என்றதற்கு, "நாளைக்கு வாங்கினா அப்போ ஓட்டலாம்ல" என்றார். இன்னொருவர் எந்திரம் எவ்வளவு இழுக்கும் என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர்தான் கேட்டார். நாற்பது வயதிருக்கும், தனியாளாகப் பேனல் மாட்டும் தொழில் செய்பவர். எந்திரத்தின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன மீட்டரைச் சொருகிப் பார்த்தார். "ஓடும்போது முந்நூத்தம்பது வாட். ஆனா கிளம்பற நொடியில மூணு மடங்கு கேக்குது. அதைத் தாங்கற இன்வெர்ட்டரா பாக்கணும். வீடு மொத்தத்துக்கும் வேணுமாக்கா?"

"வீடு இருட்டா கிடந்தா கிடக்கட்டும். இந்த எந்திரம், ஒரு சின்ன ஃபேன், ஒரு லைட்டு. அவ்வளவுதான்."

அப்படிக் கேட்டதும் மாடியை அடைக்கும் திட்டம் இரண்டு பேனலாகச் சுருங்கியது. ஆறு மணி நேரம் தாங்க வேண்டும் என்று அக்கா நோட்டில் எழுதினாள். பேனலும் இன்வெர்ட்டரும் அவள் சேமிப்புக்குள் அடங்கின. பேட்டரி அடங்கவில்லை.

அங்கேதான் கொழுந்தன் வந்தான். பெயின்டரின் தம்பி, பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன், அண்ணன்மேல் உயிர். "பேட்டரியை என்கிட்ட விடுங்க அண்ணி" என்றான். ஒரு வாரத்தில் ஏதோ கம்பெனியில் கழித்துக்கட்டிய நான்கு பெரிய பேட்டரிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினான். இன்னும் நாலு வருஷம் ஓடும் என்று அடித்துச் சொன்னான்.

பேனல்காரர் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பழசு பழசுதான்க்கா. நாலும் ஒரே வயசான்னுகூடத் தெரியல. மாட்டச் சொன்னா மாட்டறேன். வெளிய வராந்தால வைங்க."

வராந்தாவில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கொழுந்தன் பயமுறுத்தினான். அக்காவுக்கு வேறு பயம்: கண்ணில் படாத இடத்தில் கரண்ட் சாமான் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. வயரும் குறையும் என்று பெயின்டரின் அறையிலேயே, ஜன்னலுக்குக் கீழே வரிசையாக வைக்கச் சொன்னாள். பேனல்காரர் தலையைச் சொறிந்தார். பேட்டரியும் ஆக்சிஜனும் ஒரே அறையில் வேண்டாமே என்று இழுத்தார். அண்ணியும் கொழுந்தனும் ஒரே குரலில் பேசியதும் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஐந்து தடவை கரண்ட் போனது. ஐந்து தடவையும் இன்வெர்ட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுப் பேட்டரிக்கு மாறியது, எந்திரம் மூச்சுவிடாமல் ஓடியது. அந்த 'டிக்' கேட்கும்போதெல்லாம் பெயின்டர், தன் தம்பி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடு போடுவார்.

இரண்டாவது மாதத்தில் அறையில் ஒரு நாற்றம் வந்தது. கெட்டுப்போன முட்டை நாற்றம். அக்கா சாக்கடைதான் அடைத்துவிட்டது என்று நினைத்துக் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பெயின்டருக்கு நாற்றம் தெரியவில்லை, முப்பது வருடப் பெயின்டில் அவர் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் தொண்டைவரை இறங்கியது. பெயின்டர் குழாயை மாட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே ஏதோ கொதிப்பது போலச் சன்னமான சத்தம். அவள் குனிந்தாள். மூன்றாவது பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் கர்ப்பிணி வயிறு போலப் புடைத்திருந்தது. புறங்கையை வைத்தாள். சுட்டது.

அவள் கை இன்வெர்ட்டரின் சுவிட்சுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது.

அலுவலகத்தில் வருடத்துக்கொரு முறை பாதுகாப்பு வகுப்பு நடக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் கேட்டதில் ஒரே ஒரு விஷயம் இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. பேட்டரி கொதித்தால் அதிலிருந்து வாயு வரும், சுவிட்சைத் தொட்டால் வரும் கண்ணுக்குத் தெரியாத பொறி போதும், அறையே வெடிக்கும். இந்த அறையில் அந்த வாயு மட்டுமா இருக்கிறது? ஆக்சிஜனும் சேர்ந்து நிறைந்துகொண்டிருக்கிறது. எந்திரத்தை அணைத்தாலும் பொறி, விட்டால் ஆக்சிஜன். அவள் ஒன்றையும் தொடவில்லை. ஃபேனைத் தொடவில்லை, லைட்டைத் தொடவில்லை. காலில் இருந்த செருப்பைக்கூட உரசாமல் தூக்கித் தூக்கி வைத்தாள்.

ஜன்னலைத் திறந்தாள். பெயின்டரின் காதோரமாகக் குனிந்தாள். "எந்திரிங்க. ஒண்ணும் கேக்காதீங்க, வெளிய போலாம்."

"கரண்டு இருக்கே" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"இருக்கு. அதனாலதான் சொல்றேன். எந்திரிங்க."

குழாயை உருவி எந்திரத்தின் மேலேயே போட்டாள். அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடத்தினாள். அறை வாசலுக்கு எட்டு அடி. வாசலில் அவர் நின்றார், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவள் உட்கார விடவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை அவர் உட்காரும்போதும் அவள் முதுகு, பின்னால் வரப்போகும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த சின்ன சிலிண்டரை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டுத் தையல்காரர் இவர்களைப் பார்த்து மெஷினை விட்டு எழுந்து வந்தார்.

"என்னக்கா, கரண்டு போச்சா?"

"போகல. பேட்டரி வெடிக்கப் போகுது. இவரை உங்க வீட்ல உட்கார வைங்க, சிலிண்டரை மாட்டிவிடுங்க. ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணுங்க. பேனல்காரருக்கும் பண்ணுங்க. எங்க வீட்டுப் பக்கம் யாரையும் விடாதீங்க."

"நீங்க எங்க போறீங்க?"

அவள் அதற்குள் வீட்டின் பக்கவாட்டில் இருந்த இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் இருக்கும் சுவிட்சைத் தொட முடியாது. வெளியே இருக்கும் மெயினை அணைத்தால் உள்ளே இன்வெர்ட்டர் அந்த 'டிக்'கைப் போடும், அதுவும் ஒரு பொறிதான். ஆனால் இந்த நேரத்தில் பேட்டரிக்குள் கரண்டைக் கொட்டிக்கொண்டிருப்பது மாடியில் இருக்கும் இரண்டு பேனல்கள். பேனலுக்கு வெயில் வேண்டும். அந்த வெயிலை மறைத்தால் போதும் என்று தோன்றியது. சரியா தவறா என்று கேட்க ஆள் இல்லை.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த கம்பளியை உருவினாள். அது ஒரு பேனலைத்தான் மூடியது. இன்னொன்றின் மேல் படுக்கை விரிப்பை நான்காக மடித்துப் போட்டாள். காற்று உடனே அதைத் தூக்கியது. இரண்டு ஓரத்தில் பூந்தொட்டிகளை வைத்தாள். மற்ற ஓரங்களுக்கு ஒன்றும் கிடைக்காமல், சுடுகிற தரையில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் தானே பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நேர் கீழே அந்த அறை. பேட்டரி வெடித்தால் இந்தத் தளம் தாங்குமா என்று நினைத்தாள். நினைத்ததும் விரிப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மாடியிலிருந்து எதிர்வீட்டு முன்னறை தெரிந்தது. சிலிண்டரை அவள் முழுசாக நிரப்பி வைத்திருந்தாள், ஆனால் அது சின்னது, முக்கால் மணி நேரத்துக்குத்தான் வரும். "முள் எங்க நிக்குது?" என்று கத்தினாள். தையல்காரர் வாசலுக்கு வந்து, "பாதிக்கு மேல" என்றார். பெயின்டரால் கத்த முடியாது. அவர் ஒரு கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினார். நான் இருக்கிறேன் என்பதற்கு அதுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அந்தச் சத்தம் வந்தது. வராத இடைவெளிகளில் அவள் தெருவைப் பார்க்காமல் அந்த வாசலையே பார்த்தாள். "முள் எங்க?" "பாதிக்குக் கீழ வந்திருச்சுக்கா." முழங்கால் தோல் தரையில் ஒட்டிக்கொண்டது. அவள் எழவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அந்த வண்டியில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, அதைப் பெயின்டருக்கு மாட்டினார்கள். அதன் பிறகுதான் அவள் விரிப்பை வேறொருவர் கையில் கொடுத்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் பேனல்காரர் வந்தார். அவர்கள் அறையை ஒரு மணி நேரம் காற்றாட விட்டார்கள். பிறகு பேனல்காரர் மாடியிலேயே பேனலின் இணைப்பைப் பிரித்தார், கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போய் நான்கு பேட்டரிகளையும் கழற்றி, ஒவ்வொன்றாக முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"பேட்டரி ஒண்ணுக்குள்ள ஒரு செல்லு செத்துப்போச்சு. அது நிறையவே நிறையாது. சார்ஜ் ஏத்தற கண்ட்ரோலர் இன்னும் நிறையலன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே இருந்திருக்கு" என்றார். "அந்த நாத்தம் உங்களுக்கு எச்சரிக்கைக்கா. வெடிக்கிற வாயு ஒண்ணு கூடவே வரும், அதுக்கு நாத்தமே கிடையாது." கையுறையைக் கழற்றினார். "அன்னைக்கு நான் மாட்ட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும்."

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். உள்ளே வராமல் முற்றத்தில் அந்தப் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் நின்றான். புடைத்ததைக் காலால் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணனுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் அண்ணி..."

"தெரியும்."

"திட்டுங்க அண்ணி. திட்டினா நல்லா இருக்கும்."

"திட்டறதுக்குத் தெம்பு இல்ல. நாளைக்கு வா, திட்டறேன்." அவள் முழங்காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். "உள்ளே வச்சது நான். உன்னை மட்டும் திட்டி என்ன பண்றது?"

அவன் முற்றத்துச் சுவரில் உட்கார்ந்து அழுதான். எந்திரத்தோடு எதிர்வீட்டிலேயே இருந்த பெயின்டர், குரல் வராமல், டம்ளரைத் தட்டி அவனைக் கூப்பிட்டார்.

அடுத்த பத்து நாள் அக்கா பெயின்டரை அந்த அறையில் படுக்க விடவில்லை. கூடத்தில் கட்டிலைப் போட்டாள். சோலாரே வேண்டாம் என்றுகூட நினைத்தாள். பதினோராவது நாள் மத்தியானம் கரண்ட் போய் நாற்பது நிமிடம் கழித்து வந்தது. சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே அந்த நாற்பது நிமிடத்தையும் கழித்தவள், மறுநாள் புது நோட்டை எடுத்தாள்.

பழைய நோட்டில் முதல் வரி, எத்தனை மணி நேரம் என்று இருந்தது. இந்த நோட்டில், பேட்டரியை எங்கே வைப்பது என்று எழுதினாள். கிளார்க்கிடம் கெஞ்சி, அவள் தெருவுக்கு இரண்டு வருடத்தில் எப்போதெல்லாம் கரண்ட் போனது என்ற பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். மூன்று மணி நேரத்தைத் தாண்டியது நான்கே முறை. பயத்தில் ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்ததை நான்காகக் குறைத்தாள். அதற்கு மேல் போனால் இருக்கட்டும் என்று பெரிய சிலிண்டர் ஒன்றை ஏற்பாடு செய்தாள். திட்டம் குறுகியதும் ஒரே ஒரு புது லித்தியம் பேட்டரி போதும் என்று வந்தது. அதற்காகத் தன் ஸ்கூட்டரை விற்றாள். ஆறு தெருவுக்கும் நடந்தே போகலாம் என்றாள்.

பேனல்காரர் இந்த முறை இழுக்கவில்லை, உத்தரவு போட்டார். பேட்டரி வீட்டுக்குப் பின்பக்கம், வெளிச்சுவரில், நிழலில், காற்றுப் போகும் தகரப் பெட்டிக்குள். ஃபியூஸ் ஒன்று, தனியாக அணைக்க பிரேக்கர் ஒன்று, எர்த் புதிதாக. பெட்டியையும் பூட்டையும் கொழுந்தன் தன் கையாலேயே செய்து கொண்டுவந்தான், புதுத் தகரத்தில். கூலி எவ்வளவு என்று அக்கா கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டான்.

மாட்டி முடித்த அன்று அக்கா பெட்டியின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் வாரம் மணிக்கொரு முறை பின்பக்கம் போய் மோந்து பார்த்தாள். "அதுல நாத்தம் வராதுக்கா" என்று பேனல்காரர் சொன்னது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. நாற்றம் வந்தால் தெரியுமே, வராவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். கடைசியில் அவர் சூடு ஏறினால் கூவுகிற ஒரு சின்னக் கருவியைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் ஐந்தாவது தெருவில் இருந்தபோது மீட்டர் அணைந்தது. ஸ்கூட்டர் இல்லை. குடையை மடக்கிக்கொண்டு ஓடினாள். வழியில் இரண்டு பேர் என்னக்கா என்று கேட்டார்கள், பதில் சொல்ல மூச்சு இல்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் காதைத் தீட்டினாள். எச்சரிக்கை மணி கேட்கவில்லை. மணி கேட்காதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கதவைத் தள்ளினாள்.

பெயின்டர் குழாயை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சம்மணமிட்டு, அவள் ஒளித்துவைத்திருந்த முறுக்கு டப்பாவைத் திறந்துவைத்திருந்தார். எந்திரம் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இந்த நேரத்துல எங்க வந்த?" என்றார் டப்பாவை மூடிக்கொண்டே.

"கரண்டு போயி முக்கால் மணி நேரம் ஆச்சு."

"போச்சா?" என்று ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. "யாரும் சொல்லலையே."

அவள் ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்தாள். பெயின்டர் ஒரு முறுக்கை உடைத்து நீட்டினார். வாங்கிக்கொண்டாள், ஆனால் தின்னவில்லை. எழுந்து பின்பக்கம் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். பேட்டரியில் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு இருந்தது.

"இன்னும் பதினாலு வீடு பாக்கி" என்று குடையை எடுத்தாள்.

"மழையில கரண்டும் இல்லாம எந்த மீட்டர்ல என்னத்தப் பாக்கப் போற?"

அதுவும் சரிதான் என்று தோன்றியது. குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, கரண்ட் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.